பல வருடம் மூடிக் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்: ஓட வைப்பதா, மொத்தமாகப் பிரிப்பதா, சும்மா விடுவதா?

தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டதும் இரண்டு ஆசைகளில் ஒன்று வந்துவிடும். எங்கிருந்தாவது ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம் என்று தோன்றும். இல்லையென்றால் ஸ்பேனர் பெட்டியைத் திறந்துவைத்து முன் பம்பரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கழற்றத் தோன்றும். முதலாவது எஞ்சினைக் கெடுக்கும், இரண்டாவது உங்கள் அடுத்த சில வருடங்களைக் கெடுக்கும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன், வேறு வேறு வண்டிகளில். அதனால் இதில் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வழிகள் என்று பார்த்தால் ஐந்து. பத்திரமாக ஓடும் அளவுக்கு மட்டும் உயிர் கொடுப்பது. ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்வது. கடைசி நட்டு வரை பிரித்து முழுவதும் புதிதாக்குவது. பழைய உடம்புக்குள் புதிய பாகங்களை வைப்பது. எதையும் தொடாமல் அப்படியே வைத்திருப்பது அல்லது அப்படியே விற்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் சத்தம் போடுவது எஞ்சின், துரு சத்தமே போடாது.

எனவே முதலில் படுத்து அடியில் பாருங்கள். 1960, 70களின் ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, தனி சேசிஸ் இல்லாதவை. பாடியே எலும்புக்கூடு. எம்ஜிபி நல்ல உதாரணம். 1962 முதல் 1980 வரை வந்தது, கூரை இல்லாத ரோட்ஸ்டர், அதனால் வண்டியின் விறைப்பு முழுவதும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியில்தான் இருக்கிறது. சில் என்பார்கள். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து போயிருக்கும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேசிஸ் உண்டே என்று நிம்மதி அடையவும் முடியாது, அதிலும் சில் பகுதி பலத்தில் பங்கெடுக்கிறது. லோட்டஸ் எலானில் பாடி ஃபைபர், துரு பிடிக்காது. நடுவில் முதுகெலும்பு போல ஓடும் இரும்பு சேசிஸ் பிடிக்கும். டாட்சன் 240 இசட் துருவுக்குப் பேர் போனது. போர்ஷே 911இல் 1976 மாடலிலிருந்து பாடியையே துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தார்கள், அதற்கு முந்தையவை வேறு ஜாதி.

ஒரு சின்னக் காந்தமும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் (ஃபைபர், அலுமினியம் பாடி என்றால் இந்தச் சோதனை செல்லாது). ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது "டங்" என்றால் நல்ல தகடு, "தொப்" என்றால் உள்ளே ஒன்றுமில்லை. ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கார்ப்பெட்டுக்கு அடியில் தரை, பின் ஸ்பிரிங் வந்து சேரும் இடம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். ஆரம்பகால எம்ஜிபியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் குழிகளில் இருக்கும், அந்தக் குழிகளைப் பார்க்காமல் அந்த வண்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாது. அடியில் தடிமனாகக் கறுப்புத் தார் மாதிரி பூசியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதற்குக் கீழே நீர் நின்று தகட்டைத் தின்றிருக்கலாம்.

எலும்புக்கூடு நன்றாக இருந்தால் ஐந்து வழிகளும் திறந்திருக்கின்றன. சில், தரை, சஸ்பென்ஷன் பிடிமானம் எல்லாம் போயிருந்தால் முதல் இரண்டையும் மறந்துவிடலாம். எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அந்த வண்டி ஒரு குழியில் இறங்கும்போது நடுவில் மடங்கும்.

உடம்பு தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். பத்திரமாக ஓட வைப்பது மட்டும் என்ற முதல் வழி சுலபமாகத் தெரியும், ஆனால் கவனம் அதிகம் கேட்பது இதுதான், ஏனென்றால் பத்து, பதினைந்து வருடம் சும்மா நின்றதால் வரும் கேடு ஓடித் தேய்ந்ததால் வரும் கேடு போன்றதல்ல. ஓடும் வண்டியில் எது போகும் என்று கிலோமீட்டர் கணக்கு வைத்து ஊகிக்கலாம். நின்ற வண்டியில் ரப்பரும் திரவமும்தான் போகும், கணக்கே கிடையாது.

பெட்ரோலிலிருந்து ஆரம்பிக்கலாம். லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறும். டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் நாற்றம் வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அது நீரை வேறு இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும், இரும்பு டேங்க் அங்கேதான் துருப்பிடிக்கும். பழையதன்மேல் புதிய பெட்ரோலை ஊற்றி "கலந்து போய்விடும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். டேங்கை இறக்கிக் காலி செய்து கழுவி, குழாய்களை மாற்றி, கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். எஸ்யூ கார்ப்பரேட்டர் என்றால் ஒரு மதிய வேலை. மூன்று வெபர் கார்ப்பரேட்டர்கள் வரிசையாக நின்றால் வாரக் கணக்கு. ரப்பர் பெட்ரோல் குழாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பழையதோடு விடாதீர்கள், எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. டேங்கில் ஓட்டை இருந்து வெல்டிங் தேவைப்பட்டால், காலி டேங்க்தானே என்று நீங்களே பற்ற வைக்காதீர்கள். காலி டேங்க்தான் வெடிக்கும், நிறைந்த டேங்கை விட.

பிரேக் இதைவிட முக்கியம். பலர் எஞ்சினை முதலில் ஓட வைத்துவிட்டு அந்த உற்சாகத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ரகம். டாட் 4 என்ற ரகம் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155தான். கொதிநிலை குறைவது ஒரு பக்கம், அந்த ஈரம் காலிப்பர் பிஸ்டனையும் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடுவது இன்னொரு பக்கம். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அழுத்தினால் அழுத்தம் போகும், திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ்கள், சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். இதில் பாதி வேலை என்ற ஒன்று இல்லை. டாட் 5 சிலிக்கான் ஆயிலைப் பழையதோடு கலக்கவும் கூடாது.

எஞ்சினுக்குப் பொறுமை வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் லேசான ஆயில் விட்டு சில நாள் ஊற விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லியில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். செல்ஃப் மோட்டாரைக் கொண்டு அல்ல. கைக்குத் தெரியும் தடங்கல் செல்ஃபுக்குத் தெரியாது. ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங்கை அது உடைத்துவிடும். சுற்றுகிறது என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபைச் சுழற்றி ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் தீப்பொறி, பெட்ரோல் எல்லாம். டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் அதற்கும் முன்னால் பெல்ட். போர்ஷே 944இல் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும், ஒரு நொடிச் சந்தோஷத்துக்கு எஞ்சின் ஹெட்டே விலை. ஆரம்பத்தில் சொன்ன பேட்டரி ஆசைக்கு வருகிறேன்: பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புகை வந்தது.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம், ரேடியேட்டரில் சேறு இருக்கலாம், எலி ஒயரிங்கைக் கடித்துச் சீட்டுக்குள் கூடு கட்டியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பட்டன் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் அதில் நகரக்கூட யோசியுங்கள்.

இவ்வளவும் செய்தால் வண்டி ஓடும், நிற்கும், திரும்பும். அசிங்கமாக இருக்கும். அதுவே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு உண்மையில் அதுதான் வேண்டியது என்று நினைக்கிறேன், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

இதிலிருந்து இயல்பாக வளர்வதுதான் இரண்டாவது வழி, ஓட்டிக்கொண்டே சரிசெய்வது. எனக்குப் பிடித்ததும் இதுதான். இந்தக் குளிர்காலம் சஸ்பென்ஷன் புஷ்கள், அடுத்த தடவை உள்ளலங்காரம், அதற்கடுத்து கியர்பாக்ஸ். ஓட்டிப் பார்த்தால்தான் வண்டி எதைக் கேட்கிறது என்பது தெரியும். இரண்டாவது கியரில் சத்தம் வருகிறதா, வளைவில் பின்பக்கம் தள்ளாடுகிறதா, சூடானதும் பிரஷர் விழுகிறதா என்று. ஷெட்டில் நிற்கும் வண்டியைப் பிரிப்பவர், நன்றாக இருந்த கியர்பாக்ஸைப் பிரித்துச் சுமாராக மூடுவார். நானும் அப்படி ஒன்றை மூடியிருக்கிறேன். குறை என்னவென்றால் ஒரே வேலை இரண்டு தடவை வரும். இன்று கிளட்சுக்காக எஞ்சினை இறக்குவீர்கள், அடுத்த வருடம் எஞ்சின் அறைக்குப் பெயிண்ட் அடிக்க மறுபடி இறக்குவீர்கள். பெயிண்ட் ஒருபோதும் ஒரே சீராக வராது. கண்காட்சியில் நிறுத்தும் தரம் இந்த வழியில் வரவே வராது, அது வேண்டுமென்றால் இப்போதே வேறு வழிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது வழியில்தான் நான் மாட்டினேன். கூரை இல்லாத வண்டி, சில் இரண்டும் போயிருந்தன, முழுசாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை, அது வரை சரி. பிரிப்பதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வேகம்தான் ஏமாற்று. நட்டுகளைப் பைகளில் போட்டு, எது எங்கே என்பது நினைவிருக்கும் என்று நம்பினேன். நினைவு சில வாரங்கள் தாங்கியது. ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதுங்கள், கழற்றுவதற்கு முன் நான்கு கோணத்தில் படம் எடுங்கள், கழற்றிய பழைய பாகத்தைப் புதியது மாட்டி முடியும் வரை தூக்கி எறியாதீர்கள். மறுதயாரிப்புப் பாகங்கள் பல நேரம் அப்படியே பொருந்தாது, துளை எங்கே என்று பார்க்கப் பழையது வேண்டும்.

அடுத்த தவறு வரிசையில். எஞ்சினை ஆசையாக முதலில் ஓவர்ஹால் செய்து மூலையில் வைத்துவிட்டு, பாடியை டிங்கரிங்குக்கு அனுப்பினேன். அந்த ஷெட்டில் அது கிடந்த காலத்தில் (எந்த ஷெட் என்பது வேண்டாம்) புது எஞ்சின் மறுபடி "பல வருடம் சும்மா நின்ற எஞ்சின்" ஆகிவிட்டது. கேம் ஷாஃப்டில் பூசிய கிரீஸ் காய்ந்து, சிலிண்டர் சுவரில் லேசாகத் துரு. பாடிதான் முதலில், எஞ்சின் கடைசியில் என்று இப்போது சொல்வேன். சில்லை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, புது சில் போட்ட பிறகு கதவு மூடாது. பெயிண்டுக்கு முன்பே கதவு, பானெட், பம்பர், விளக்கு எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும். என்னுடையதில் அதைச் செய்யாமல் பெயிண்ட் அடித்துத் தந்தார்கள், பானெட்டைப் பொருத்தும்போது புதுப் பெயிண்டில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது.

இந்த வழிக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. துரு ஆழமாகப் போனால் இதுதான் நேர்மையான வேலை. பாகம் கிடைக்கும் வண்டியா என்பதை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். எம்ஜிபிக்கு 1988 முதல் முழுப் புது பாடியே கிடைத்தது, பழைய அச்சுகளை வைத்துச் செய்தது. குறைவாக விற்ற ஒரு இத்தாலிய கூபேக்கு முன் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர்கூடக் கிடைக்காது. அரிய வண்டிதானே, மதிப்பு அதிகம் என்று தொடங்கியவர்கள் ஒரு டெயில் லாம்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, புதிய பாகங்கள் வைப்பது. சின்ன அளவில் எல்லோரும் செய்கிறோம்: தீப்பொறிக்கான பழைய பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், நல்ல ரேடியேட்டர் விசிறி. இவை திரும்பக் கழற்றக்கூடியவை, வண்டியை நம்பி ஓட்ட வைப்பவை, எனக்கு ஆட்சேபணை இல்லை. பாடியை வெட்டி வேறு எஞ்சின் வைப்பது அடுத்த நிலை. கூடுதல் சக்திக்கு ஏற்ற பிரேக், அதற்கேற்ற ஹப், பெரிய சக்கரம், அதற்காக ஃபெண்டரில் வெட்டு என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகும். மின்சாரத்துக்கு மாற்றுவதும் இதே வகைதான். 2018இல் இளவரசர் ஹாரி திருமணத்தன்று ஓட்டிய ஜாகுவார் ஈ டைப் மின்சார வண்டி, அன்றிலிருந்து கேட்பவர்கள் அதிகம். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா இப்படி மாற்றிய வண்டியை வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை, மாற்றினாலும் திரும்ப மாற்றும்படி செய்யுங்கள், பழைய பாகங்களை வைத்திருங்கள் என்கிறது. எஞ்சின் ஏற்கெனவே தொலைந்துபோன, பாடி மட்டும் மிஞ்சிய வண்டி என்றால் நான் தடுக்க மாட்டேன். பிறந்த எஞ்சினோடு இருக்கும் வண்டியில் கத்தி வைத்தால் மனசு வலிக்கிறது, அவ்வளவுதான், தர்க்கமெல்லாம் கிடையாது.

கடைசி வழியை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை. பிரான்ஸில் பாயோன் குடும்பத்தின் பண்ணையில் தகரக் கொட்டகைகளில் கிடந்த ஏறக்குறைய அறுபது வண்டிகள் 2015இல் பாரிஸில் ஏலம் போயின. நடிகர் ஆலன் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. அதை யாரும் கழுவித் துடைத்து விற்கவில்லை, தூசியோடுதான் மேடையில் நின்றது. பல வருடம் அதில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அந்தத் தூசிதான் சாட்சி. உங்கள் வண்டி ஃபெராரி இல்லைதான், இருந்தாலும் ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் தோல் சீட், காகிதத்தில் உள்ள எண்ணோடு பொருந்தும் எஞ்சின் எல்லாம் இருந்தால் பாலிஷ் போடுவதற்குக்கூட முன் யோசியுங்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் எந்த நிபுணராலும் அதைத் திருப்பித் தர முடியாது. அப்படி வண்டி கிடைத்தவர்கள் முதல் வழியை மட்டும் செய்து, அதாவது பிரேக், பெட்ரோல், டயர் முடித்து, தோற்றத்தைத் தொடாமல் விடுவதுதான் சரி.

விற்பதிலும் வெட்கமில்லை. ஆனால் விற்பதென்றால் பிரிப்பதற்கு முன் விற்றுவிடுங்கள். துருப்பிடித்த முழு வண்டியை வாங்க ஆள் வருவார்கள். பெட்டிகளில் இருக்கும் வண்டியைப் பார்க்க வருபவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரித்த வண்டி இரண்டு வண்டியின் இடத்தையும் அடைக்கும்.

இன்னும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்றால், எதையும் அறிவிக்காமல் அடுத்த இரண்டு வார இறுதிகளில் எல்லா வழிக்கும் பொதுவான வேலையை மட்டும் செய்யுங்கள். தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எலிக்கூட்டைத் துப்புரவாக்குங்கள், கையுறையும் முகமூடியும் போட்டு. சிலிண்டர்களில் ஆயில் விட்டு ஊற வையுங்கள். டேங்கைக் காலி செய்யுங்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் எழுதிவைத்துப் பழைய காகிதங்களோடு ஒப்பிடுங்கள். அப்புறம் நல்ல வெளிச்சம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்து சில்லைக் கடைசி அங்குலம் வரை தட்டிப் பாருங்கள், "தொப்" வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். வெளியே வந்து எண்ணும்போது வட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால் புது பிரேக் ஹோஸுக்குச் சொல்லிவைக்கலாம். இரண்டு பக்கமும் நீளத்துக்கு வெள்ளையாக இருந்தால், வெல்டிங் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து அந்த வட்டங்களைக் காட்டுங்கள், எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.